அரை டம்ளர் கறுப்புத் தண்ணீர்

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. சோறு தின்னும்போதுகூட இரண்டு முறை எழுந்து அடுப்பைப் பார்த்துவிட்டு வருவேன். அணைத்த அடுப்பாகத்தான் இருக்கும், இருந்தாலும் பார்ப்பேன். "காலுல சக்கரத்தக் கட்டிக்கிட்டுப் பொறந்தவ" என்று என் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். பகாவுக்குப் பக்கத்தில் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நாற்றுப் பண்ணை மண்டோர் வேலை எனக்கு, ஆட்களை மேய்க்கும் கங்காணி வேலை. அந்தக் காலத்தில் மண்டோர் என்றால் ஆம்பிளை, மீசை, கையில் பிரம்பு. இப்போது நான், ஒரு தொப்பி, கையில் ஒரு ஃபோன். கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் கன்றுகள் வரிசை வரிசையாக நிற்கும். காலையில் உள்ளே நுழைந்தால் மத்தியானம் வரைக்கும் நடைதான். அந்த வேலைக்கு என் கால் தோதாக இருந்தது.

அந்தப் பண்ணையில்தான் கறுப்புத் தூளோடு எனக்குப் பழக்கம். மூட்டையில் வரும். ஒரு டிரம் தண்ணீரில் இரண்டு கை அள்ளிப் போட்டுக் கலக்கினால் தண்ணீர் பாலில்லாத காப்பி நிறத்துக்கு வந்துவிடும். அதைக் கன்றுகளின் காலடியில் ஊற்றுவோம். இலையும் வேரும் மரமும் மண்ணுக்குள் காலங்காலமாக மக்கிக் கிடந்து, கடைசியில் மிஞ்சுகிற சாரம் அது என்று பாடம் எடுக்க வந்த உரக் கம்பெனிக்காரர் சொன்னார். ஹியூமிக் அமிலம், ஃபுல்விக் அமிலம் என்று இரண்டு பெயர் சொல்லிப் பலகையில் எழுதினார். எங்கள் பக்கத்துச் செம்மண் உரத்தைத் தங்க விடாது, ஒரு மழை போதும், போட்டதெல்லாம் கால்வாய்க்குப் போய்விடும். இந்தக் கறுப்பு இருந்தால் மண் உரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், வேர் வேண்டியபோது வாங்கிக்கொள்ளும். நான் யார் சொன்னாலும் லேசில் நம்புகிறவள் இல்லை. இதை மட்டும் நம்பினேன், ஏனென்றால் கண்ணால் பார்த்தேன். மஞ்சளாய்ச் சுருண்டு கிடந்த கன்று மூன்றே வாரத்தில் நிமிர்ந்தது. பையைக் கிழித்துப் பார்த்தால் வெள்ளை வேர் கொத்துக் கொத்தாக இருந்தது.

என் கணவர் அதே தோட்டத்தில் லோரி ஓட்டினார். பழக்குலைகளை ஏற்றிக்கொண்டு ஆலைக்கும் தோட்டத்துக்குமாக இருபது வருடத்துக்கு மேல் ஓடினார். இனிப்பு நீர், அதான் சர்க்கரை வியாதி, வந்து ரொம்ப நாளாகிவிட்டது. மாத்திரையை ஒரு நாள் போடுவார், ஒரு நாள் மறப்பார், கடையில் சர்க்கரை போட்ட தே தாரிக் டீயை மட்டும் ஒரு நாளும் மறக்க மாட்டார். நான் கத்திக் கத்தி என் தொண்டைதான் போனது. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் குண்டைத் தூக்கிப் போட்டார். கிட்னி இரண்டும் களைத்துப் போய்விட்டன, இன்னும் சில மாதத்தில் மிஷினில்தான் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். அதற்கு முன்னாலேயே இடது கையில் ஒரு சின்ன ஆப்பரேஷன் செய்து இரண்டு ரத்தக் குழாயைச் சேர்த்துத் தைத்துவிட வேண்டும், அது பெருத்துத் தயாராக இரண்டு மூன்று மாதம் ஆகும். இப்போதே செய்தால் நல்லது. தாமதித்தால் கழுத்தில் குழாய் சொருகி அவசரமாகச் செய்ய நேரிடும், அதில் ஆபத்து அதிகம்.

இத்தனையையும் டாக்டர் மலாயில் பொறுமையாகச் சொன்னார். சின்னப் பெண், எனக்கு மகள் வயசுதான் இருக்கும். இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். இடது கையில்தானா செய்ய வேண்டும்?

"ஆமாம். நீங்கள் வலது கைக்காரர், அதனால் இடது கைதான்."

வெளியே வந்து லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னார். "கியர் போடுற கை அது. அதுல கத்தி வைக்க விடமாட்டேன். பேசாத."

பேசாமல் இருக்க நான் என்ன கல்லா? லிஃப்டில் பேசினேன், காரில் பேசினேன், வழியில் குவாலா பிலாவில் சாப்பிட இறங்கியபோதும் பேசினேன். அவர் காதில் வாங்கவே இல்லை. ஆப்பரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்த அட்டையை லோரியில் வெயில் மறைக்கும் தட்டிக்குப் பின்னால் சொருகி வைத்தார். அந்த நாள் வந்தது, போனது. அன்றைக்கு அவர் வழக்கத்தைவிட இரண்டு நடை கூட ஓட்டினார்.

அப்போதுதான் என் நாத்தனார் வந்தாள். மம்பாவ்வில் இருக்கிறாள், இவருக்கு ஒரே தங்கை. வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு சாமான் விற்கப் போனாள். முதலில் டப்பா, பிறகு சோப்பு, பிறகு சத்து மாவு, ஒவ்வொரு முறை வரும்போதும் பையில் ஒரு புது அதிசயம் இருக்கும். இந்த முறை சின்னக் கண்ணாடிப் பாட்டில், சொட்டுச் சொட்டாக விடும் மூடி.

"அண்ணே, இது மண்ணுச் சத்துண்ணே. மலை இடுக்குல இருந்து எடுக்குறது. பத்து சொட்டு தண்ணியில விட்டுக் குடிங்க. இனிப்பு நீரு, மூட்டு வலி, கிட்னி எல்லாத்துக்கும் கேக்குதாம்லா."

டம்ளரில் பத்துச் சொட்டு விட்டாள். தண்ணீர் எங்கள் பண்ணை டிரம்மின் நிறத்துக்கு மாறியது. பாட்டிலை வாங்கி விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். மழை பெய்து நின்றதும் பண்ணையில் எழும்புகிற அதே வாசம், அதே கசப்பு. பின்பக்கத்து ஒட்டுத்தாளைக் கண்ணருகில் கொண்டுபோய்ப் படித்தேன். அந்த இரண்டு பெயர்களும் இருந்தன.

"இதத்தான் நான் டிரம் டிரம்மா செடிக்கு ஊத்துறேன்," என்றேன். "உங்கண்ணன் என்ன செம்பனக் கன்னா?"

அவளுக்கு முகம் சுண்டிப் போனது. "நீங்க எதையாவது நம்பியிருக்கீங்களா அண்ணி? அவருக்கு நல்லதுன்னு கொண்டாந்தா இப்பிடிப் பேசுறீங்க."

இவர் சிரித்துக்கொண்டே டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். எனக்கு எதிராகக் குடித்தார் என்றுதான் அன்றைக்கு எனக்குப் பட்டது.

கொடுமை என்னவென்றால் அவருக்குத் தெம்பு வந்தது. பசிக்கிறது என்றார். காலில் எரிச்சல் குறைந்துவிட்டது என்றார். தங்கை மேல் உள்ள பிரியமா, மனசா, உண்மையிலேயே அந்தக் கறுப்புத் தண்ணீரா, யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியாததை வைத்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. பண்ணையில் சாப்பாட்டு நேரத்தில் கன்றுகளுக்கு நடுவே நடந்துகொண்டே ஃபோனில் படித்தேன். ஒரு பக்கம் தேவாமிர்தம் என்று எழுதியிருந்தான், அவன் பாட்டில் விற்பவன். இன்னொரு பக்கத்தில் சுத்த மோசடி என்று இருந்தது. இரண்டுக்கும் நடுவில், நிதானமாகப் பேசுகிற சிலர் எழுதியது சுருக்கமாக இருந்தது. வீக்கத்துக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் உதவுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், கண்ணாடிக் குழாயில் நடப்பது மனுஷ உடம்பில் நடக்கும் என்று சொல்ல முடியாது, எங்கே தோண்டி எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து அதில் ஈயம் போன்ற விஷமும் இருக்கலாம். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்த 'லாம்' என்னைப் பாடாய்ப் படுத்தியது. திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. உண்மையைச் சொன்னால், திட்டிக்கொண்டே ஒரு மூலையில் ஆசைப்பட்டேன். கன்றுக்கு ஆனது இவருக்கும் ஆகிவிடாதா என்று.

கடைசியில் அவரோடு ஒரு பேரம் பேசி முடித்தேன். சொட்டைக் குடித்துக்கொள்ளுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன், ஆனால் அடுத்த மாதம் ரத்தம் எடுக்க வர வேண்டும், டாக்டர் மறுபடியும் நாள் கொடுத்தால் யோசிக்க வேண்டும். அவர் சரி என்று தலையாட்டினார். எனக்கு அதுவே பெரிய காரியமாக இருந்தது.

ரத்தம் எடுக்க இரண்டு வாரம் இருக்கும்போது பாட்டில் தீர்ந்தது. நாத்தனாருக்கு ஃபோன் போட்டால், "சரக்கு இன்னும் வரலண்ணி. இன்னைக்கி நாளைக்கின்னு சொல்றாங்க," என்றாள். இரண்டு நாள் கழிந்தது. இவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு காலை நீட்டி, "பாத்தியா, சொட்டு நின்னதும் எரிச்சல் வந்துருச்சி. இதுதான் மருந்து. இது இருந்தா ஆப்பரேஷன் எதுக்கு, இது இல்லாட்டி ஆஸ்பத்திரிக்கு வந்து என்ன ஆகப்போகுது?" என்றார். எப்படிப் பேசினாலும் அவர் வழிக்கே போய்ச் சேருகிற பேச்சு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மறுநாள் பண்ணையில் புது மூட்டை பிரித்தோம். தூள் பளபளவென்று, கரிப்பொடி போல, கட்டியில்லாமல் இருந்தது. அள்ளிப் பார்த்துக்கொண்டே நின்றேன். இத்தனை வருடம் என் கை நகத்துக்குள் இருந்த சாமான். பேர் அதே பேர், நிறம் அதே நிறம். ஒரு பிளாஸ்டிக் பையில் இரண்டு கை அள்ளி முடிந்து, மோட்டார் சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவர் லோரியில் இருந்த நேரம். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைத்தேன். தூளைக் கரைத்தேன். தேங்காய்ப்பால் வடிகட்டும் துணியில் இரண்டு முறை வடிகட்டினேன். தீர்ந்துபோன சொட்டுப் பாட்டிலில் நிரப்பினேன், அது சின்னது, மீதியை ஒரு போத்தலில் ஊற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். இது இவ்வளவு சுலபமாகக் கரைந்ததே, ஒரு கசடு நிற்கவில்லையே என்று அப்போது எனக்குத் தோன்றியது. நல்ல சரக்கு என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருடம் உரத்தோடு பிழைப்பவளுக்கு அந்த இடத்தில் மூளை வேலை செய்யவில்லை.

அவர் வந்ததும், "உங்க தங்கச்சி ஆளுக்கிட்டக் குடுத்து அனுப்பியிருக்கா, புது சரக்காம், அளவு கூட்டிக்கூடக் குடிக்கலாமாம்," என்றேன். பொய் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. அவர் முகம் தெளிந்ததைப் பார்த்ததும் பொய் சொன்ன உறுத்தலும் போய்விட்டது.

முதல் நாள் பத்துச் சொட்டு. இரண்டாம் நாள் ஒரு கரண்டி. பண்ணையில் அப்படித்தான் செய்வோம், கன்று சின்னதாக இருக்கும்போது கொஞ்சமாகக் காட்டி, பழகியதும் கூட்டுவோம். அந்த வாரக் கடைசியில் காலையில் அரை டம்ளர், சாயங்காலம் அரை டம்ளர். குளிர்ப்பெட்டிக் கதவில் ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள் ஒட்டியிருந்தது, வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, காய்கறியை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டு என்று. அதன்படி கீரையை இரண்டு முறை அவித்துக் கொட்டினேன். பிறகு அதே கதவைத் திறந்து அந்தப் போத்தலை எடுத்து ஊற்றிக் கொடுத்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை ஆலையிலிருந்து ஃபோன் வந்தது. குலையைக் கொட்டிவிட்டு லோரியிலிருந்து இறங்கியவருக்குக் கால் நிற்கவில்லையாம். இரண்டு பேர் தூக்கி உட்கார வைத்திருக்கிறார்களாம். நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் வந்திருந்தது. "கிளட்ச்ச மிதிக்க முடியல," என்றார். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள், கையில் மருந்து ஏற்றினார்கள். திரையில் கோடு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தமிழ் மிஸ்ஸி ஒருத்தி, நர்ஸ்தான், என்னைப் பார்த்து அதட்டினாள். "பொட்டாசியம் எக்கச்சக்கமா ஏறிக் கெடக்குக்கா. இருதயம் நின்னுருக்கும் தெரியுமா? என்ன குடுத்தீங்க? வாழப்பழமா, எளநியா?"

"ஒண்ணும் குடுக்கல," என்றேன். "கீரையக்கூட ரெண்டு தடவ அவிச்சிக் கொட்டுறேன்."

அந்தச் சின்ன டாக்டர் வந்து, நாட்டு மருந்து ஏதாவது குடித்தாரா என்று கேட்டார். கட்டிலிலிருந்து இவர் சொன்னார், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி. "என் தங்கச்சி குடுத்த சொட்டு. மண்ணுச் சத்து."

பொட்டாசியம் என்ற வார்த்தை என் காதில் விழுந்து கொஞ்ச நேரம் சும்மா கிடந்தது. பிறகுதான் உறைத்தது. பொட்டாசியம் என்றால் நாங்கள் பொட்டாஷ் என்று சொல்லுகிற உரச் சத்துதான், எனக்கா தெரியாது? மண்ணில் இருக்கிற கறுப்பு லேசில் தண்ணீரில் கரையாது. பண்ணைக்காரர்கள் டிரம்மில் கலக்கத் தோதாக இருக்கட்டும் என்று கம்பெனியில் அதைப் பொட்டாஷில் கரைத்துக் காயவைத்துத்தான் தூளாக்கி அனுப்புகிறார்கள். கன்றுக்கு அது இரட்டை லாபம். அதனால்தான் கசடு நிற்காமல் கரைந்தது. மூட்டையில் எழுதியே இருக்கும். நான் அதை மண் என்று நினைத்தேனே ஒழிய உரம் என்று நினைக்கவில்லை. வீட்டில் ஒரு வாழைப்பழத்தைக்கூட ஒளித்து வைத்தவள், பொட்டாஷைக் கரைத்து டம்ளரில் கொடுத்திருக்கிறேன்.

வராந்தாவில் நடந்தேன். அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் எத்தனை முறை என்று தெரியாது. பண்ணையில் என்னோடு வேலை பார்க்கும் வங்காளதேசத்துக்காரரைக் கூப்பிட்டு மூட்டையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். படம் வந்தது. அதை டாக்டரிடம் தனியாகக் கொண்டுபோய்க் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அம்மா, இது உரம்," என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இவர் கிட்னி இருக்கும் நிலையில் இருதயத்தை நிறுத்த இந்த அளவே போதும் என்றார். அந்தக் கடைப் பாட்டிலும் வேண்டாம், அதில் நல்லது இருக்கிறதா என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது, கெட்டுப்போன கிட்னியை வைத்துப் பரிசோதனை செய்யக் கூடாது என்றார். "கணவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்," என்றும் சொன்னார்.

சொல்லத்தான் போனேன். சாமி சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் போனபோது அவர் ஃபோனில் இருந்தார்.

"இனிமே என் வூட்டு வாசப்படிய மிதிக்காத. கூடப் பொறந்தவன்னு பாக்காமக் கொல்லப் பாத்த இல்ல," என்று சொல்லிவிட்டு வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ அப்பவே சொன்ன. நாந்தான் கேக்கல. டாக்டர வரச் சொல்லு. கையக் குடுக்குறேன்."

மாதக்கணக்காகக் கத்தியும் அழுதும் சண்டை போட்டும் வாங்க முடியாத சொல், தானாக வந்து நிற்கிறது. அது நிற்பதே என் பொய்யின் மேல். தங்கச்சி கொடுத்தது இல்லை, நான் கலக்கியது என்று சொன்னால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். "அப்ப அவ சொட்டுல ஒரு கொறையும் இல்ல, பாத்தியா," என்று பழையபடி ஆரம்பிப்பார். கையை இழுத்துக்கொள்வார். சொன்னால் அவர் உயிருக்கு ஆபத்து, சொல்லாவிட்டால் ஒன்றும் செய்யாதவள் தலையில் கொலைப்பழி. நான் போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

ஆப்பரேஷனுக்கு மூன்று வாரம் கழித்து நாள் கிடைத்தது. அந்த மூன்று வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. துலக்கிய பாத்திரத்தைத் திரும்பத் துலக்கினேன். அலமாரியைக் கவிழ்த்து அடுக்கினேன். மோட்டாரைக் கழுவினேன், மறுபடியும் கழுவினேன். பண்ணையில் டிரம்மைக் கலக்கும் வேலையை வேறு ஆளிடம் விட்டேன். அவர் என்மேல் காட்டிய பிரியம்தான் தாங்கவில்லை. "ஒம்பேச்சக் கேட்டிருந்தா இவ்வளவு இல்ல," என்று தினம் ஒரு முறை சொல்வார். எனக்கு அறைந்தாற்போல் இருக்கும்.

அன்று காலை அவரைத் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியதும் கீழே இறங்கினேன். கேண்டீனுக்குப் போகும் வழியில் தூணோரமாக நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் கண்ணில் படாமல் விசாரித்துவிட்டுப் போக வந்திருக்கிறாள். இளைத்துப் போயிருந்தாள். என்னைக் கண்டதும், "எனக்குத் தெரியாது அண்ணி, சத்தியமா நல்லதுன்னுதான் குடுத்தேன். எங்கண்ணன நானே..." என்று அழ ஆரம்பித்தாள்.

"நீ இல்ல," என்றேன். "நான்." நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சொட்டு தீர்ந்தது, மூட்டை, துணி, போத்தல், அரை டம்ளர், அவள் பெயரைச் சொல்லிக் கொடுத்தது.

அவள் அழுகை நின்றுவிட்டது. என் மணிக்கட்டைப் பிடித்தாள். வலிக்கும்படி பிடித்தாள். "பாவி," என்றாள். "மூணு வாரமா நான் தூங்கல. பாவி." பிடித்த கையை விடாமலே படிக்கட்டில் உட்கார்ந்தாள், என்னையும் இழுத்து உட்கார வைத்தாள். நாங்கள் இருவரும் அவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்தது அதற்கு முன்பு கிடையாது.

"அவர் வெளிய வந்ததும் சொல்லிடுறேன்," என்றேன்.

"சொல்லாதீங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணனப் பத்தி எனக்குத் தெரியாதா? சொன்னீங்கன்னா தையலப் பிரிச்சிக்கிட்டு வந்துருவாரு. மிஷின்ல ஏற மாட்டாரு. அந்தப் பாட்டில்ல என்ன இருந்துச்சுன்னு எனக்கு மட்டும் தெரியுமா? எவனோ சொன்னதத்தான் நானும் சொன்னேன். கை ஆறட்டும். மிஷின் ஏறட்டும். அதுவரைக்கும் நான் கெட்டவளாவே இருந்துட்டுப் போறேன்."

எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு பஸ் பிடிக்கப் போனாள். அவளை நான் என்னென்ன பேசியிருக்கிறேன். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன், மேலே கூப்பிடுகிறார்கள் என்று ஒருவர் வந்து சொல்லும்வரை.

கை ஆறியது. தைத்த இடத்தில் விரலை வைத்தால் கிர்ரென்று ரத்தம் ஓடுவது தெரியும். அவர் அதை எல்லாருக்கும் தொட்டுக் காட்டினார். லோரியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள், இவருக்குத் தோட்டத்துக் கேட்டில் காவல் வேலை. தீபாவளி வந்தது. நாத்தனார் வரவில்லை. அவள் ஃபோன் அடித்தால் இவர் அதைக் கவிழ்த்து வைத்துவிடுவார். "அவ பேச்ச எடுக்காத," என்பார். நான் எடுக்கவில்லை. கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்தேன்.

பிறகு மிஷின் வந்தது. பகாவில் ஒரு மையம், வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். இரண்டு ஊசி கையில் இருக்கும், கையை அசைக்கக் கூடாது. முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். இரண்டாம் வாரம் பக்கத்துக் கட்டில்காரரோடு பந்து விளையாட்டைப் பற்றிச் சண்டை போட்டார். மூன்றாம் வாரம் காலையில் எனக்கு முன்னால் குளித்துவிட்டு, "கெளம்பலயா, நேரமாச்சு," என்று என்னை விரட்டினார். அன்றைக்குச் சொல்வது என்று முடிவு செய்தேன். நான்கு மணி நேரம் அவரால் எழுந்து போக முடியாது என்பதும் ஒரு காரணம், மறைப்பானேன்.

ஊசி ஏற்றி மிஷின் ஓட ஆரம்பித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"என்ன அதிசயமா உக்காந்துட்ட?" என்றார்.

சொன்னேன். படிக்கட்டில் அவள் சொன்னதையும் சேர்த்து, ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். முடித்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் எழுந்திருக்கவில்லை. கால் துடித்தது, இருந்தாலும் எழுந்திருக்கவில்லை. அரை மணி நேரம் இருக்கும். வலது கையை நீட்டினார், என் பக்கம் திரும்பாமலே.

"ஃபோனக் குடு."

கொடுத்தேன். கட்டை விரலால் தேடித் தேடி அழுத்தினார். அந்தப் பக்கம் உடனே எடுத்துவிட்டாள் போலிருக்கிறது.

"எங்க இருக்க?" என்றார். "சாப்ட்டியா?" பிறகு, "வூட்டுக்கு வா. பாட்டிலு கீட்டிலு ஒண்ணும் வேணாம். நீ வா."

மிஷின் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. மிஸ்ஸி ஓடிவந்து குழாயைப் பார்த்தாள், ஊசியைப் பார்த்தாள்.

"அங்கிள், கைய ஆட்டாதீங்கன்னு சொன்னேன்லா," என்றாள். "ஊசி வலிக்குதா?"

அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. "இல்லம்மா," என்றார். மிஸ்ஸி அவருடைய இடது கையை நேராக வைத்து, அப்படியே பிடித்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். நான் பிடித்துக்கொண்டேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.